முதல் ஷாட்டுக்கு வந்த தீட்டு

விருத்தாசலத்தில் எவனாவது கோபத்தில் எதையாவது எட்டி உதைத்தால், பக்கத்தில் நிற்கிறவர்கள் "மண்ணு என்னடா பண்ணுச்சு உன்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஸ்டார்ட் ஆகாத மொபெட்டை உதைக்கிறவனுக்கும் அதே கேள்விதான், காலி எண்ணெய் டின்னை உதைக்கிற பரோட்டாக் கடைக்காரனுக்கும் அதே கேள்விதான். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. பழமலைக்குத் தெரியும். அந்தக் கேள்வி முதன்முதலில் கேட்கப்பட்டதே அவனிடம்தான். கேட்டவள் அவன் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள்.

டி.வி.யில் ஒரே ஒரு சானல் இருந்த காலத்தில் 'ஈரச்சூளை' என்று ஒரு தொடர் வந்தது. வாரம் ஒரு நாள், பதிமூன்று வாரம். கதை பீங்கான் சூளைகள் இருக்கிற ஊரில் நடப்பதால் படம் பிடிக்க இங்கேயே வந்து இறங்கினார்கள். கையில் காசு குறைவு. கதாநாயகியை மட்டும் சென்னையிலிருந்து கூட்டிவந்துவிட்டு, மற்ற ஆட்களை ஊரிலேயே பொறுக்கிக்கொண்டார்கள். கதாநாயகனாக அகப்பட்டவன் பழமலை. அப்போது அவனுக்குச் சுருட்டை முடி, அடர்ந்த மீசை, சூளையில் மூட்டை தூக்கி உருண்ட தோள். பதிமூன்று வாரமும் அவன்தான் காதலித்தான், குடித்தான், அழுதான், கடைசியில் திருந்தினான். பக்கம் பக்கமாக வசனத்தை உருப்போட்டு ஒப்பித்தான்.

கொளஞ்சியம்மாள் அங்கே வந்ததே அவனுக்குச் சோறு கொடுக்கத்தான். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரியாக நடிக்க வேண்டிய பெண் அன்றைக்கு வந்து சேரவில்லை. ஓரமாக நின்றவளைப் பார்த்து டைரக்டர், "இந்த ஒரு வரிய நீ சொல்லும்மா" என்றார். கதாநாயகன் குடித்துவிட்டு வந்து, வாசலில் காயவைத்த பச்சைப் பானைகளை உதைத்துத் தள்ளுகிறான். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, சிதைந்த மண்ணை வாரி எடுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். அவ்வளவுதான் அவள் பங்கு. ஒரு நிமிஷம் வருமோ என்னவோ.

அந்த வாரம் தொடர் வந்ததும் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. புதுப்பெண்டாட்டி ஒருத்தி, தாலி கட்டிய புருஷனை, நாடே பார்க்கிற டி.வி.யில் 'டா' போட்டுவிட்டாளே. சேத்தியாத்தோப்பிலிருந்து பழமலையின் சித்தப்பா காத்தவராயன் மறுநாளே பஸ் ஏறி வந்து, "பங்காளிவூட்டு மானமே போச்சுடா" என்று குதித்துவிட்டுப் போனார். பழமலை சிரித்துக்கொண்டான். ஹீரோவாக இருக்கிறவன் எதற்கும் சிரிக்கலாம்.

அந்தச் சிரிப்பு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. சுருட்டை முடி முன்னாலிருந்து பின்னால் போய்க்கொண்டே இருந்தது, தொப்பை எதிர்த் திசையில் வந்துகொண்டே இருந்தது. அவன் இப்போது பீங்கான் பியூஸ் செய்கிற ஒரு யூனிட்டில் சூளை மேஸ்திரி. கொளஞ்சியம்மாள் இன்னொரு யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறாள். அவள் முகம் மட்டும் அப்படியே இருந்தது. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரி, "அந்த மண்ணு வாருன அம்மாதான நீங்க?" என்று கேட்டு ஒரு கை கொத்தமல்லி சும்மா போடுவாள். பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பழமலையைக் காட்டி, "இவரு உங்க அண்ணனா?" என்று ஒருத்தி கேட்டாள் பாருங்கள், அன்றைக்கு அவன் சோறு தின்னவில்லை.

பொறாமை அடுத்தவன் மேல்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்குப் பழமலையைத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, பெற்ற பெண்ணைச் சேர்ந்து நின்று கட்டிக்கொடுத்து, அந்தப் பெண்டாட்டி மேலேயே வயிறெரிந்துகொண்டிருந்தான். எரிகிறது என்று வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் ஊர் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிக்கும்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், 'ஈரச்சூளை'யைச் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பேச்சு வந்த கொஞ்ச நாளில், மணிபாரதி என்கிற உதவி டைரக்டர் வீட்டைத் தேடிக்கொண்டு வந்து நின்றான். தோளில் கேமரா, காலில் பெரிய பூட்ஸ்.

"பழசுல நடிச்சவங்கள புதுப் படத்துல ஒரு சீன் காட்டுறது இப்ப ஒரு வழக்கமா ஆயிடுச்சு சார். தியேட்டர்ல நல்லா கைதட்டுவாங்க. அந்த ஹீரோயின் மேடம் அமெரிக்காவுல செட்டிலாயிட்டாங்க. அதான் இங்க வந்தேன். பூஜை அன்னிக்கு முதல் ஷாட்டே பழைய முகத்து மேலதான் வைக்கணும்னு புரொடியூசர் சொல்லிட்டாரு. அவருக்குச் சென்டிமென்ட் ஜாஸ்தி."

பழைய முகம் என்றதும் பழமலை உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். வந்து பார்த்தால், வந்தவன் கொளஞ்சியம்மாளை வேப்பமரத்தடியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பழமலையும் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? உங்க நிழல் அம்மா மேல விழுது."

"தம்பி, அதுல நாந்தான் ஹீரோ."

மணிபாரதி கேமராவைக் கீழே இறக்கிவிட்டுப் பழமலையின் மீசையைப் பார்த்தான், தலையைப் பார்த்தான். "அப்படிங்களா சார்" என்றான். அந்த 'அப்படிங்களா'வில் இருந்த மரியாதை நம்பாதவன் காட்டுகிற மரியாதை. பழமலை தள்ளி நின்றுகொண்டான். டீ வாங்கிவரப் போய்த் திரும்பும்போது, தூரத்திலிருந்தே பார்த்தான். கொளஞ்சியம்மாள் கையை ஆட்டி ஆட்டி அந்தப் பையனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பெருமையைத்தான் அளக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். தேதி முடிவானதும் போன் பண்ணுவதாகச் சொல்லி, பழமலையின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு மணிபாரதி கிளம்பினான். வீட்டில் இருந்தது அந்த ஒரு செல்தான், அது இருப்பது பழமலையின் சட்டைப்பையில்தான்.

கொளஞ்சியம்மாள் ஒன்றும் அடங்கி ஒடுங்கிக் கிடக்கிறவள் இல்லை. ரேஷன் கடை வரிசையில் சொன்னாள், யூனிட்டில் சொன்னாள், கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு ரூபாய் போனில் சொன்னாள். மாம்பழக் கலரில் ஒரு புடவை எடுத்து வந்தாள். பழமலையும் சும்மா இல்லை. மீசைக்கு மை போட்டான், அது காதுவரை கருத்துப்போனது. "வூட்டுல இருக்கிறதே ஒரு கண்ணாடிதான், செத்த நவுருங்க" என்று அவள் சொன்னபோது, நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு. பதிமூன்று வாரம் வசனம் பேசியவன் நான், ஒரு வரி பேசினவளுக்கு முதல் ஷாட்டா? இதையே சூளைக்குப் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

போன் வந்தபோது அவன் யூனிட்டில் இருந்தான். பியூஸ் அடுக்கிய தட்டுகளைச் சூளைக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து காதில் வைத்தான்.

"சார், மணிபாரதி பேசுறேன். வர்ற வெள்ளிக்கிழமை பூஜை. பழமலைநாதர் கோயில் பக்கத்துல. அம்மாகிட்ட கொஞ்சம்..."

அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் பழமலைக்கு என்ன ஆனதோ, "அவங்களால வர முடியாது தம்பி" என்றான்.

"ஏன் சார்?"

அதை அவன் யோசித்து வைக்கவில்லை. காய்ச்சல் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் விட்டுவிடும். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றால் கார் அனுப்புவார்கள். சினிமாக்காரன் எதற்குப் பயப்படுவான் என்று ஒரு நொடி தேடினான். கிடைத்துவிட்டது.

"வூட்டுல சாவுத் தீட்டு தம்பி. சித்தப்பா தவறிட்டாரு, சேத்தியாத்தோப்புல. கருமாதி முடியற வரைக்கும் கோயிலு, பூஜைன்னு எதுக்கும் வரக்கூடாது."

"அய்யய்யோ."

"என்ன பண்றது, நம்ம கையிலயா இருக்குது. வேணும்னா, உங்களுக்குச் சமயத்துக்கு ஆளு கெடைக்கலன்னா, நான் வேணா வந்து..."

"சார், செத்தது உங்க சித்தப்பாதானே?"

"ஆமா."

"அப்ப முதல் தீட்டு உங்களுக்குத்தானே சார்? அம்மாவுக்கே உங்களாலதானே வருது?"

இந்தத் தீட்டு விவகாரத்தில் பழமலையை மிஞ்ச ஆளில்லை என்று தெருவில் பெயர். எந்தச் சாவு வீட்டிலும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்த்துவைக்கிறவனே அவன்தான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாவில் பங்காளித் தீட்டு இல்லை, புருஷன் வீட்டுச் சாவில் உண்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறான். பெண்டாட்டியை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுகிற அவசரத்தில், தானும் வெளியே நிற்பதைக் கவனிக்கவில்லை.

"என்ன சார் இப்படி ஆயிடுச்சு" என்று மணிபாரதி நிஜமாகவே வருத்தப்பட்டான். "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டைரக்டர் சீன் வெச்சிருந்தாரு. அந்த ஹீரோவும் பக்கத்து வீட்டு அம்மாவும் வயசானப்புறம் டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க, புது ஹீரோ அவங்களைத் தாண்டிப் போறான். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"தம்பி, அவரு கொஞ்சம் தூரத்துச் சித்தப்பாதான்."

"சித்தப்பாவுல என்ன சார் தூரம்? புரொடியூசர் காதுல விழுந்தா அந்தத் தெருப் பக்கமே வரமாட்டாரு. நீங்க ஆக வேண்டியதப் பாருங்க சார்."

சொன்னது பொய் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. ஏன் சொன்னாய் என்று கேட்டால் அதற்கு என்ன பதில் சொல்வது? அந்த யோசனை முடிவதற்குள் மணிபாரதி போனை வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, "உள்ளூர் ஆளே வேணாம்னுட்டாங்களாம்" என்றான் சட்டையைக் கழற்றிக்கொண்டே. கொளஞ்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்களயுமா?"

"என்னயுந்தான்."

அவள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். "என்ன உட்டா உட்டுட்டுப் போறாங்க. உங்களயும் வேணாம்னாங்க பாருங்க, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது" என்றாள். பழமலைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் பேச்சைக் கேட்டு மனசு இளகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிற இடத்துக்கு இவள் வந்துவிட்டாளா என்றுதான் அப்போதும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை தெருவே பூஜை பார்க்கக் கிளம்பியது. அவளைப் போகவிடாமல் இருக்கப் பழமலை தலைவலி என்றான், கால்வலி என்றான், வீட்டில் ஆள் வேண்டும் என்றான். "நடிக்கத்தான் கூப்புடல, பாக்கக்கூடவா கூடாது?" என்று அவள் அந்த மாம்பழக் கலர் புடவையையே கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்களோடு போய்விட்டாள். பழமலை கொஞ்சம் பின்தங்கிப் போய், கோபுரத்துக்கு எதிரே ஒரு பூக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

தேங்காய் உடைத்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். டீக்கடைபோலப் போட்டிருந்த செட்டில் முதல் ஷாட். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் யாரென்று பார்த்தால், பூவராகவன். பழைய தொடரில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரனாக வந்து, ஒரே ஒரு தடவை சைக்கிளோடு கீழே விழுந்தவன். அவனுக்குத் துண்டு போட்டு, டீ கொடுத்து, முகத்தை ஒற்றி விட்டு, டைரக்டரே பக்கத்தில் குனிந்து என்னவோ சொன்னார். பூவராகவன் டீயை உறிஞ்சினான். கூட்டம் கைதட்டியது. விழுந்தவனுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பழமலை தட்டிச் சட்டத்தைப் பிடித்து முறுக்கினான். அது நான் உட்கார வேண்டிய பெஞ்சு. நானே காலி பண்ணிக் கொடுத்தேன்.

அப்போதுதான் மணிபாரதி கூட்டத்தில் கொளஞ்சியம்மாளைப் பார்த்தான். பார்த்ததும் ஓடிவந்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினான்.

"என்னம்மா, தீட்டோட கோயில் பக்கம் வந்திருக்கீங்க? பூ வேற வெச்சுக்கிட்டு. புரொடியூசர் பார்த்தாருன்னா என்னைத்தாம்மா திட்டுவாரு."

"என்னா தீட்டு தம்பி?"

"உங்க வீட்டுக்காரரோட சித்தப்பா இறந்துட்டாருன்னு அவருதானேம்மா போன்ல சொன்னாரு? எங்களுக்கே ரொம்பக் கஷ்டமாப் போச்சு. அவரையும் சேர்த்துக்கணும், தனியா நடிக்க மாட்டேன்னு நீங்க அன்னிக்கு அவ்ளோ கேட்டீங்களேன்னுதான் டைரக்டர் சீனையே மாத்தி எழுதினாரு."

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் திரும்பினாள். கூட்டத்தில் தேடவே இல்லை, அவன் எங்கே ஒளிவான் என்று தெரிந்தவள்போல நேரே பூக்கடைத் தட்டியைப் பார்த்தாள். யாரும் சாகவில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டைரக்டர் அவளை அந்த நிமிஷமே பெஞ்சில் உட்கார வைப்பார், ஊர் பழமலையைக் காறித் துப்பும்.

அவள் தலையிலிருந்த மல்லியை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். "ஆமாந் தம்பி. நெனப்பில்லாம வந்துட்டேன்" என்றாள். யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. மறுநாள் காலையில் வாசலில் கோலம் இல்லை. தலைக்கு எண்ணெய் இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. சமைத்தாள், போட்டாள், வேலைக்குப் போனாள், பேசவில்லை. அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பழமலை பாயில் உட்கார்ந்து, உயிரோடிருக்கிற சித்தப்பா நெஞ்சு வலியில் செத்த கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டவர்கள் "நல்ல மனுசன்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நல்ல மனுஷன் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சந்தையில வாழத்தாரு பாத்துக்கிட்டு நிக்கிறேன், உங்க ஊரு நடராசன் என்னப் பாத்துட்டு அலறுறான். செத்தவன் எதுருல வந்தா அலறத்தான செய்வான்? யாருடா என்னச் சாவடிச்சது?"

தெருவே வாசலில் கூடிவிட்டது. பழமலை, சினிமாக்காரர்களிடம் ஏதோ வாய் தவறி வந்துவிட்டது என்றான். அப்புறம் ஒவ்வொன்றாகக் கக்க வேண்டியதாயிற்று. காத்தவராயன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "உன் பொண்டாட்டி மேல வயித்தெரிச்சலு உனக்கு. அதுக்கு ஏண்டா என்னப் பாடையில ஏத்துன? உனக்கு வேற பங்காளியே இல்லியா?"

தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. கொளஞ்சியம்மாள் மட்டும், "உக்காருங்க மாமா" என்று நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள், சாப்பிட வைத்தாள். அவர் போகும்போது, "நீ நல்லா இருப்பம்மா" என்று அவள் தலையில் கை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதில் பழமலைக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மானம் போனது போகட்டும், வீடு பழையபடி ஆகட்டும் என்று இருந்தது. பொழுது சாய்கிற நேரம் அவனே சாமி மாடத்தைத் துடைத்து, விளக்குக்கு எண்ணெய் விட்டு, தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதான் சித்தப்பா குத்துக்கல்லாட்டம் வந்து சாப்ட்டுட்டே போயிட்டாரே. எந்திரி, வெளக்க ஏத்து."

"அவருக்காகவா நான் தீட்டுக் காக்குறேன்?"

"பின்ன யாருக்கு?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவனிடம் அவள் பேசுகிற முதல் பேச்சு அது. குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"அன்னிக்கி கேமரா முன்னாடி கொண்டாந்து நிறுத்துனப்ப எனக்குக் கையி காலெல்லாம் ஒதறுது. ஓடிப்போயிடலாமான்னு இருக்குது. அப்ப ஒருத்தரு எங்கிட்ட வந்து, 'அவங்க யாரையும் பாக்காத புள்ள, என்ன மட்டும் பாத்துச் சொல்லு'ன்னாரு. அவரு மூஞ்சப் பாத்துத்தான் சொன்னேன். ஊரு என்னென்னமோ பாராட்டுச்சு. எனக்குத் தெரியும் அது யாரால வந்துச்சுன்னு. இத்தன வருசங் கழிச்சும் அவரு பக்கத்துல இல்லாம நிக்க மாட்டேன்னுதான் அந்தத் தம்பிகிட்டச் சொன்னேன்."

அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"அவருதான் போயிட்டாரு. கருமாதி வரைக்கும் இருக்கட்டும்."

பழமலை தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.